ஒரே பெயரில் பல தோல்விகள்

பூப்பந்துப் போட்டி ஒன்றில் 32 பேர் களமிறங்கினால் மொத்தம் 31 ஆட்டங்கள் நடக்கும். ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வெளியே அனுப்பும். கடைசிவரை தோற்காமல் நிற்பவர் ஒருவர். தோற்றவர் 31 பேர். தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கும் எந்தப் போட்டிக்கும் கணக்கு இதுதான். கிள்ளான், போர்ட் கிள்ளான் வட்டாரத்தில் நடக்கும் எழுவர் காற்பந்துப் போட்டிக்கு 16 குழுக்கள் பெயர் கொடுத்தால், பொழுது சாய்வதற்குள் 15 குழுக்கள் காலணியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கும். தோற்பதற்கு ஆள் இல்லாவிட்டால் போட்டி என்ற ஏற்பாடே நடக்காது. ஆனாலும் பேச்சில் தோல்வி என்பது நடந்திருக்கக் கூடாத ஒன்றாகவும், யாரோ செய்த குற்றமாகவுமே வருகிறது. வெற்றி தோல்வியைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில் தொடங்குகிறது.

மலேசியாவில் இந்தக் குழப்பத்தை மிக அதிகமாகச் சுமந்தவர் பூப்பந்து ஆட்டக்காரர் லீ சோங் வெய். உலகத் தரவரிசையின் முதலிடத்தில் அவர் இருந்தது மொத்தம் 349 வாரங்கள். அதில் 199 வாரங்கள் இடைவிடாமல். அனைத்து இங்கிலாந்துப் போட்டியை நான்கு முறை வென்றார். ஆனால் 2008 பெய்ஜிங், 2012 லண்டன், 2016 ரியோ ஆகிய மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் தோற்றார். பெய்ஜிங்கில் சீனாவின் லின் டானிடம் 12-21, 8-21 என்று தோற்றது ஒருதலைப்பட்சமான ஆட்டம். அதைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை. லண்டனில் முதல் செட்டை 21-15 என்று வென்று, இரண்டாவதை 10-21 என்று விட்டு, மூன்றாவதில் 19-21 என்று முடிந்தது. உலகின் இரண்டு மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு இடையே கடைசி செட்டில் இருந்தது இரண்டே புள்ளி. அதற்குப் பிறகு லீ நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதைக் காதில் வாங்கிய நாடு, அதில் மன்னிக்க என்ன இருந்தது என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால் இதே நாடு வேறு மாதிரி இருந்தது. 1992 பார்சலோனாவில் ரசிஃப், ஜலானி சீடேக் சகோதரர்கள் ஆடவர் இரட்டையரில் வெண்கலம் வென்றார்கள். அது மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அதை யாரும் ‘வெறும் வெண்கலம்’ என்று சொல்லவில்லை, நாடே கொண்டாடியது. அதனினும் உயர்ந்த வெள்ளி 2012இல் துக்கமாகப் பார்க்கப்பட்டது. பதக்கம் என்ன நிறம் என்பதைவிட, அதை எதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதே மனநிலையைத் தீர்மானிக்கிறது. இதே பார்சலோனா ஒலிம்பிக்கின் ஒளிப்பதிவுகளை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் ஆகிய மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்து 1995இல் வெளியிட்டார்கள். வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு காணப்பட்டார்கள் என்பது அதன் முடிவு. வெள்ளிக்காரர் தங்கத்தைப் பார்த்து ‘கையில் வந்தது போயிற்றே’ என்கிறார். வெண்கலக்காரர் நான்காம் இடத்தைப் பார்த்து ‘நல்லவேளை’ என்கிறார். இருவர் கையிலும் பதக்கம் இருக்கிறது. ஒருவர் மேலே பார்க்கிறார், மற்றவர் கீழே பார்க்கிறார்.

அரசாங்கமும் இந்த இடைவெளிக்கு விலை வைத்திருக்கிறது. மலேசியாவின் விளையாட்டு வெற்றிப் பரிசுத் திட்டத்தில் ஒலிம்பிக் தங்கத்துக்கு 10 லட்சம் ரிங்கிட், வெள்ளிக்கு 3 லட்சம், வெண்கலத்துக்கு 1 லட்சம். மாத ஓய்வூதியம் முறையே 5,000, 3,000, 2,000 ரிங்கிட். நான்காம் இடத்துக்கு இந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்லை. இதில் தவறு சொல்ல முடியாது. பரிசு என்றால் எங்காவது கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் பரிசுத் தொகையின் இடைவெளியும் திறமையின் இடைவெளியும் ஒன்றல்ல. ஒரு செட்டின் கடைசி இரண்டு புள்ளிக்கு 7 லட்சம் ரிங்கிட் வித்தியாசம் வருகிறது என்பதால், அந்த இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையே அவ்வளவு தூரம் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

தோல்வி என்று ஒரே பெயர் சொல்லி அழைத்தாலும் அதற்குள் பல வகைகள் இருக்கின்றன. தன்னைவிடச் சிறந்தவரிடம் தோற்பது ஒன்று. சமமானவரிடம் நூலிழையில் தோற்பது இன்னொன்று. ஆடவே விடாமல் வெளியேற்றப்படுவது வேறு. விதியைத் தவறவிட்டுத் தோற்பது வேறு. காசு வாங்கிக்கொண்டு தோற்பது முற்றிலும் வேறு. முதலாவதுக்குத் தேவை பயிற்சி. இரண்டாவதுக்குத் தேவை பொறுமை. மூன்றாவதை ஆட்டக்காரர் எந்தப் பயிற்சியாலும் சரிசெய்ய முடியாது. கடைசியானதுக்கு விசாரணைதான் மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரே வசவை வீசும்போது, திருத்தக்கூடியதும் திருத்தப்படாமல் போகிறது.

முதல் வகைக்கு, அதாவது பாடம் உள்ள தோல்விக்கு, மலேசியக் காற்பந்து வரலாற்றில் 2010 டிசம்பரைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. தேசிய அணிக்கு அப்போது கே. ராஜகோபால் பயிற்றுநர். முந்தின ஆண்டு லாவோசில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் அவருடைய இளையோர் அணி, இருபதாண்டு இடைவெளிக்குப் பிறகு மலேசியாவுக்குக் காற்பந்துத் தங்கத்தைக் கொண்டுவந்திருந்தது. இறுதியில் வியட்னாமை 1-0 என்று வென்ற அணி, அதே வியட்னாமிடம் குழுச் சுற்றில் 1-3 என்று தோற்றிருந்தது. இது ஒரு முன்னோட்டம் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

2010 டிசம்பர் 1 அன்று ஆசியான் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டம், ஜாகர்த்தா கெலோரா புங் கார்னோ அரங்கில், இந்தோனேசியாவுக்கு எதிராக. முதல் கோலை அடித்தது மலேசியாதான். ஆனால் ஆட்டம் முடிந்தபோது 1-5. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தோடு கோலில்லாச் சமநிலை. பிறகு லாவோசை 5-1 என்று வென்றது. இத்தனைக்கும் பிறகு அரையிறுதிக்குப் போவது மலேசியாவின் கையில் மட்டும் இல்லை. தாய்லாந்து கடைசி ஆட்டத்தில் இந்தோனேசியாவை வென்றிருந்தால் மலேசியாவின் கதை அன்றே முடிந்திருக்கும். இந்தோனேசியா ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டது. அந்த ஆட்டத்தை அசட்டையாக ஆடியிருக்கலாம். ஆடவில்லை. பின்தங்கியிருந்து, கடைசிக் கட்டத்தில் பம்பாங் பமுங்காஸ் அடித்த இரண்டு பெனால்டிகளால் 2-1 என்று வென்றது. மலேசியாவுக்கு எதிராக ஐந்து கோல் அடித்த அணியே மலேசியாவுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அரையிறுதியில் வியட்னாமைப் புக்கிட் ஜாலில் அரங்கில் 2-0 என்று வென்று, ஹனோயில் கோலில்லாச் சமநிலை கண்டு, மலேசியா இறுதிக்குப் போனது. எதிரே மறுபடியும் இந்தோனேசியா. டிசம்பர் 26, முதல் சுற்று, புக்கிட் ஜாலில். பார்வையாளர் பகுதியிலிருந்து லேசர் ஒளி முகத்தில் அடிக்கிறது என்று இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் புகார் சொல்ல, இரண்டாம் பாதியில் ஆட்டம் சில நிமிடம் நின்றது. மறுபடி தொடங்கியபின் சாஃபி சாலி இரண்டும் அஷாரி சம்சுதீன் ஒன்றுமாக மூன்று கோல்கள். டிசம்பர் 29 அன்று ஜாகர்த்தாவில் நடந்த இரண்டாம் சுற்றில் மலேசியா 1-2 என்று தோற்றது. ஆனால் கூட்டுக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் கைக்கு வந்தது. டிசம்பர் 31 பொது விடுமுறை என்று பிரதமர் நஜிப் அறிவித்தார். கிண்ணத்தை வென்ற இரவில்கூடத் திடலில் பதிவான முடிவு ஒரு தோல்விதான் என்பதை அந்த விடுமுறையின் கும்மாளத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. லேசர் அடித்தவர்கள் மட்டும் தங்கள் வெற்றியில் ஒரு கறையைத் தாங்களே வைத்துவிட்டுப் போனார்கள்.

ராஜகோபால் அந்த நான்கு வாரங்களில் செய்ததைப் பெரிய தத்துவமாக்க வேண்டியதில்லை. 1-5 என்பதை அணியின் உண்மையான உயரம் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அணியைக் கலைக்கவும் இல்லை. அடுத்த ஆட்டத்தில் முதல் வேலையாகக் கோல் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஆனால் அதே பயிற்றுநருக்கு 2012இல் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சொந்த மண்ணில், புக்கிட் ஜாலிலில், முதல் ஆட்டத்திலேயே சிங்கப்பூரிடம் 0-3. அணி அரையிறுதிவரை போய்த் தாய்லாந்திடம் தோற்றது. விமர்சனம் குவிந்தது, 2013இல் அவருடைய பொறுப்பு முடிந்தது. 2010இல் முதல் ஆட்டத்தில் 1-5 என்று தோற்ற மனிதரும் 2012இல் முதல் ஆட்டத்தில் 0-3 என்று தோற்ற மனிதரும் ஒருவர்தான். முதல் தடவை அவரை மேதை என்றவர்கள், இரண்டாம் தடவை அவருக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். இரண்டுமே மிகை.

நூலிழைத் தோல்விக்கு 1975 உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டியைச் சொல்லலாம். கோலாலம்பூரில் நடந்த அந்தப் போட்டியில் மகேந்திரன், பத்மராஜா, ஸ்ரீ சண்முகநாதன் போன்றவர்கள் இருந்த மலேசிய அணி அரையிறுதியில் இந்தியாவைச் சந்தித்தது. மலேசியா 2-1 என்று முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே மீதி இருந்தபோது மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என்று வென்றது. பிறகு மெர்டேக்கா அரங்கில் பாகிஸ்தானையும் தோற்கடித்துக் கிண்ணத்தை எடுத்தது. மலேசியாவுக்கு நான்காம் இடம். உலகக் கிண்ண ஹாக்கியில் மலேசியா அதற்குமேல் ஏறியதே இல்லை. நாட்டின் மிக உயர்ந்த இடமும் நாட்டின் மிகக் கசப்பான தோல்வியும் ஒரே போட்டியில் வந்தவை.

ஆடாமலே தோற்ற கதை 1980க்கு உரியது. அந்த ஆண்டு ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கில் மலேசியக் காற்பந்து அணி தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றிக் கோலை இன்றும் பெரியவர்கள் கையை ஆட்டிக் காட்டிச் சொல்வார்கள். கோல் கம்பங்களுக்கு இடையே நின்றவர் சிலாங்கூரின் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கியவர். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ்வரை ஒரு தலைமுறைப் பையன்கள் கோல் கீப்பராக நிற்க ஆசைப்பட்டதற்கு அவரே காரணம். ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. ஆறுமுகத்துக்கு ஒலிம்பிக் வாய்ப்பு மறுபடி வரவில்லை. 1988 டிசம்பரில், 35 வயதில், சாலை விபத்தில் இறந்துபோனார்.

அதே புறக்கணிப்பு கடலுக்கு அப்பால் இன்னொரு தமிழருக்கு வேறு விதமாக அமைந்தது. மாஸ்கோவில் இந்திய ஹாக்கி அணிக்குச் சென்னையைச் சேர்ந்த வி. பாஸ்கரன் தலைவர். பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, ஹாலந்து ஆகிய வலுவான அணிகள் வரவில்லை. களத்தில் ஆறு அணிகள் மட்டுமே. இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா தங்கம் எடுத்தது. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா கடைசியாக வென்ற தங்கம் அதுதான். பாஸ்கரனின் தங்கத்தைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. எதிரே யார் வருவார்கள் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, வந்தவர்களை வென்றார். அதுபோலவே ஆறுமுகம் ஒலிம்பிக் ஆடாதவர் என்ற குறிப்பு அவருடைய ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரே அரசியல் முடிவு ஒருவருக்குக் கொடுத்தது, மற்றவரிடமிருந்து எடுத்தது. பட்டியலைப் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. 2016இல் வந்த ‘ஓலா போலா’ திரைப்படம் ஆறுமுகம் இருந்த அந்த மலேசிய அணியின் கதையை மூலமாகக் கொண்டது என்பதால்தான் இன்றைய இளையோருக்கு அந்தப் பெயர்கள் கொஞ்சமாவது தெரிகின்றன.

விதியால் வந்த தோல்விக்குச் சமீபத்திய சாட்சி முகமட் சியாட் சுல்கிஃப்ளி. 2016 ரியோ பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் தங்கம் வென்றவர், 2021இல் நடந்த தோக்கியோ போட்டியில் 17.94 மீட்டர் எறிந்தார்; உலக சாதனைத் தூரம். பதக்கம் உறுதி என்று நாடு மகிழ்ந்திருக்க, போட்டிக்கு முந்தைய வருகைப் பதிவு அறைக்கு அவரும் இன்னும் இரண்டு நாட்டு வீரர்களும் தாமதமாக வந்தார்கள் என்ற எதிர்ப்பு ஏற்கப்பட்டது. தாமதம் மூன்று நிமிடம். தங்கம் உக்ரைன் வீரர் மாக்சிம் கோவாலுக்குப் போனது. மலேசியாவில் பலர் கோவாலையே இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். விதியைப் போட்டவரும் அவரில்லை, தாமதமாக வந்தவரும் அவரில்லை. எறிந்த தூரம் உண்மை. முடிவும் விதிப்படி உண்மை. இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்வது கடினம்தான். சியாட் 2024 பாரிஸில் மறுபடி எறிந்து வெள்ளி வென்றார்.

காசுக்குத் தோற்பது இந்த வரிசையில் சேராதது. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. 1990களின் நடுவில் மலேசியக் காற்பந்தில் ஆட்டங்கள் விற்கப்பட்ட விவகாரம் வெடித்தது. ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் பெரும் எண்ணிக்கையில் விசாரிக்கப்பட்டார்கள். பலர் நீக்கப்பட்டார்கள், தடை செய்யப்பட்டார்கள். அரங்கத்துக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் அதற்குப் பிறகு பழையபடி திரும்பவில்லை. ரசிகர் தோல்வியைப் பொறுத்துக்கொள்வார். சிலாங்கூர் தோற்று அழுதுகொண்டு வீட்டுக்குப் போனவர்கள் அடுத்த வாரம் மறுபடி சிவப்பு மஞ்சள் சட்டையோடு வந்தார்கள். தான் அழுத அழுகையே நாடகத்துக்கு என்று தெரிந்தபோதுதான் அவர்கள் வராமல் நின்றார்கள். நேர்மையாக வந்த தோல்விக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை அந்தக் காலி இருக்கைகள் காட்டின.

விளையாடுகிறவர்களைவிடப் பார்க்கிறவர்களுக்கே நிதானம் சீக்கிரம் தவறுகிறது. ஆட்டக்காரருக்குத் தோல்வி தொழிலின் பகுதி. மறுநாள் காலையில் பயிற்சிக்குப் போகவேண்டும். பார்க்கிறவருக்கு அந்த வேலை இல்லை. 2021இல் ஃபின்லாந்தில் நடந்த சுதிர்மான் கிண்ணத்தில் மலேசியா ஜப்பானிடம் தோற்றது. ஒற்றையர் ஆட்டத்தில் எஸ். கிசோனா, உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான அகானே யாமாகூச்சியிடம் தோற்றார். இதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. ஆனால் அரசியல்வாதி ஒருவர் கிசோனாவின் இனத்தையும் நிறத்தையும் இழுத்து இழிவாக எழுதினார். நாடு முழுவதும் எல்லா இனத்தவரும் கண்டித்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2019 சீ விளையாட்டுப் போட்டியில் இதே கிசோனா ஒற்றையர் தங்கம் வென்றபோது அவர் மலேசியர். தோற்ற அன்று ஒருவருக்கு மட்டும் வேறு யாரோவாகத் தெரிந்தார். வென்றால் ‘நம் பெண்’, தோற்றால் ‘அந்தப் பெண்’ என்ற வழக்கம் அந்த ஒருவரோடு நின்றுவிடவில்லை என்பதை ஒட்டுக்கடைப் பேச்சைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

தோற்றவரைப் பார்க்கும் பார்வைக்குத் தமிழில் மிகப் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. வெண்ணியில் நடந்த போரில் கரிகாலன் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்றான். மார்பில் பாய்ந்த வேல் முதுகுவரை ஊடுருவியதால், முதுகில் புண்பட்ட வெட்கம் தாளாமல் சேரன் வடக்கிருந்து உயிர்விட்டான். அதே ஊரைச் சேர்ந்த வெண்ணிக்குயத்தியார் என்ற பெண்பாற் புலவர் கரிகாலனைப் பாடுகிறார்: வென்றவனைப் புகழ்கிறார், புகழ்ந்த கையோடு தோற்றவன் உன்னிலும் மேலானவன் இல்லையா என்று அவனையே கேட்கிறார். அந்தக் கேள்வி வென்ற அரசனின் முகத்துக்கு நேராகக் கேட்கப்பட்டது. பாட்டு புறநானூற்றில் 66ஆவதாக நிற்கிறது. அதே தொகுப்பின் 45ஆம் பாட்டில் கோவூர் கிழார், உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியையும் உள்ளே அடைந்திருந்த நெடுங்கிள்ளியையும் நிறுத்திப் பேசுகிறார். இருவரும் சோழர், எவர் தோற்றாலும் தோற்பது சோழர் குடிதான் என்பது அவர் வாதம். கேட்டவர்களுக்கு அது உவப்பாக இருந்திருக்காது. வெற்றி தோல்வியை எண்ணுவதற்கு முன்னால் யாருடைய வெற்றி, யாருக்கு எதிரே என்று கேட்கும் வழக்கம் தமிழில் புதியதல்ல. வீரத்தைப் போற்றுகிறோம் என்று மேடைகளில் புறநானூற்றை எடுப்பவர்கள் இந்த இரண்டு பாட்டுகளை ஏனோ அதிகம் தொடுவதில்லை.

விளையாட்டுத் திடலின் மொழி மலேசியத் தமிழரின் வாழ்வில் மிக ஆழமாக நுழைந்த இடம் ஆறாம் ஆண்டுத் தேர்வு. யூபிஎஸ்ஆர் என்ற அந்தத் தேர்வு 1988இல் தொடங்கியது. தமிழ்ப்பள்ளி மாணவருக்கு முதலில் ஏழு தாள்கள், 2016 முதல் எட்டு. எல்லாத் தாளிலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தன. மாலை, மேடை, பரிசு, கட்சித் தலைவர் கையால் கைக்கணினி என்று அது ஒரு திருவிழாவாகவே ஆனது. பள்ளிக்குப் பள்ளி ஏ எண்ணிக்கையை வைத்துத் தரவரிசை போட்டார்கள். தமிழ்ப்பள்ளிகள் மூடப்பட்டுவிடுமோ என்ற அச்சம் இருந்த காலத்தில், இந்தத் தேர்ச்சிகள் சமூகத்துக்குத் தெம்பு தந்தது உண்மை. அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் ஆறு ஏ, இரண்டு பி எடுத்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை அன்று வீட்டுக்குத் தோற்றுப்போன முகத்தோடு வந்தது. அந்தப் பிள்ளை யாரிடம் தோற்றது என்று கேட்டால் பதில் கிடையாது. தேர்வில் எதிராளி இல்லை; எல்லாருமே ஏ எடுக்கலாம். இல்லாத போட்டியில் ஒரு தோல்வியை உண்டாக்கியது பெரியவர்களின் வேலை.

இன்னும் கசப்பானது புகுமுக வகுப்பு. மலாய் மொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் இடைநிலைப்பள்ளியில் முதல் படிவத்துக்குமுன் ஓராண்டு அந்த வகுப்பில் இருக்கவேண்டும். கூடப் படித்தவன் முதல் படிவம் போய்விட்டான், தான் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணத்தோடு பலர் படிப்பையே விட்டார்கள். ஓராண்டு பிந்தி எஸ்பிஎம் எழுதுவது வாழ்க்கையில் எவ்வளவு பெரிய இழப்பு என்று நிதானமாகக் கணக்குப் பார்த்தால், அது பெரிதே இல்லை. போர்ட் கிள்ளானின் வடதுறைமுகத்திலும் மேற்குத்துறைமுகத்திலும் கொள்கலன் லாரி ஓட்ட வருபவரிடம் கேட்பது ஜிடிஎல் உரிமம். கிரேன் இயக்குபவரிடம் கேட்பது அதற்கான சான்றிதழ். ஆறாம் ஆண்டில் எத்தனை ஏ என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை. எந்த வயதில் முதல் படிவம் போனார் என்பதையும் கேட்பதில்லை. யூபிஎஸ்ஆர் 2019க்குப் பிறகு நடக்கவில்லை; 2021இல் அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீடு அதன் இடத்துக்கு வந்தது. நீக்கம் சரியா என்பதில் பெற்றோர் இன்னும் இரண்டுபட்டுக் கிடக்கிறார்கள். பிள்ளை எவ்வளவு கற்றது என்பதை அளக்கும் கருவி ஒன்று தேவை என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கருவி கெட்டதாக இருக்கவில்லை, அதைச் சுற்றி எழுந்த திருவிழாதான் அதைக் கெடுத்தது.

தோல்வியோ வெற்றியோ இல்லாத ஓர் இடைவேளை சிலருக்கு வலுக்கட்டாயமாக வரும். சுவர்ப்பந்து ஆட்டக்காரர் எஸ். சிவசங்கரி 2022 ஜூனில் கார் விபத்தில் சிக்கினார். முகத்திலும் கழுத்து எலும்பிலும் முறிவு. அந்த ஆண்டின் காமன்வெல்த் போட்டி போயிற்று; மறுபடி ஆட முடியுமா என்பதே கேள்வியாக இருந்தது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024இல் லண்டன் கிளாசிக் போட்டியின் இறுதியில் எகிப்தின் ஹானியா எல் ஹமாமியை வென்றார். மறுபடி எழுந்து நின்ற கதை என்று இதை எழுதிவிடுவது எளிது. விபத்துக்குள்ளான எல்லாரும் இப்படித் திரும்பி வருவதில்லை, திரும்பாதவர்கள் முயலாதவர்களும் இல்லை. அவருடைய மீட்சிக்கு வயதும், நல்ல சிகிச்சையும், தேசிய விளையாட்டு அமைப்பின் மருத்துவக் குழுவும் உதவின. உழைப்பை மட்டும் காரணமாகச் சொன்னால், திரும்ப முடியாமல் போனவர்கள்மேல் பழி விழும்.

ஆட்டம் முடிந்தபின் வரும் நாற்பது ஐம்பது ஆண்டுகளே விளையாட்டாளரின் நீண்ட ஆட்டம். பதக்கங்களோடு ஓய்வு பெற்று, பின்னால் வறுமையில் விழுந்தவர்கள் எல்லா விளையாட்டிலும் உண்டு. அவர்களுக்கு உதவத்தான் தேசிய விளையாட்டாளர் நல அறவாரியம் என்று ஒன்றை அமைக்க நேர்ந்தது. கையில் வேறு வேலையோ படிப்போ இருந்தவர்களுக்குத் தோல்வியும் ஓய்வும் அவ்வளவாக வலிக்கவில்லை. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எம். ராஜமணி; 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஓடியவர். அதே பேங்காக்கில் எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம் எடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த தேசிய விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் இந்த இருவருக்கும் கிடைத்தன.

ஜெகதீசன் ரோம், தோக்கியோ, மெக்சிகோ என்று மூன்று ஒலிம்பிக்கில் ஓடினார். மருத்துவப் படிப்பும் ஓட்டமும் ஒன்றாகவே நடந்தன. ‘பறக்கும் டாக்டர்’ என்று பத்திரிகைகள் அழைத்தன. அரையிறுதிவரை போனாரே தவிர, எந்த ஒலிம்பிக் இறுதியிலும் அவர் ஓடவில்லை. ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. ஓட்டத்தை விட்டபின் நுண்ணுயிரியல் ஆய்வாளராகவும், மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகவும், சுகாதார அமைச்சின் துணைத் தலைமை இயக்குநராகவும், பிறகு விளையாட்டு மருத்துவக் குழுக்களின் பொறுப்பாளராகவும் வேலை செய்தார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை அவர் ஓடிய 20.92 விநாடி பதக்கம் எதையும் தரவில்லை. ஆனால் தேசிய சாதனையாக 49 ஆண்டுகள் நின்றது. 2017இல் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடி அதை முறியடித்தபோது ஜெகதீசனுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.